ஊர்ப் பொங்கலும் ஆபீஸ் வண்டியும்

மதுரையிலிருந்து தெற்கே செல்லும் ரயில் விருதுநகரைக் கடந்து, சாத்தூரில் வைப்பாற்றைத் தாண்டிய பிறகு, இருமருங்கிலும் கண்ணுக்கு எட்டிய மட்டும் நிலம் கறுத்துக் கிடக்கிறது. நான் சென்றபோது புரட்டாசி மாதம் முடியும் தறுவாயில் இருந்தது. வடகிழக்குப் பருவமழை இன்னும் இறங்காததால், கோடை முழுதும் வாய்பிளந்து கிடந்த அந்தக் கரிசலின் வெடிப்புகள் பல இடங்களில் மூடாமலே இருந்தன. ஆயினும் மழை வந்த பிறகு விதைக்கலாம் என்று காத்திராமல், மழை வரும் என்ற நம்பிக்கையின் பேரிலேயே புழுதியில் விதையை இட்டுவிட்டு வானத்தைப் பார்த்திருக்கும் இந்தப் பிரதேசத்து வழக்கப்படி, சில புஞ்சைகளில் உழவு முடிந்து உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்திருந்தார்கள். ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழையை நம்பி வாழும் பூமி இது. இந்த மண்ணின் குணத்தை அறிந்து பயிர்செய்யும் வழிகளை ஆராய்வதற்கென்றே கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் ஒன்று நிறுவப்பட்டது என்றால், இங்கே விவசாயம் எவ்வளவு சோதனைக்குரிய காரியம் என்பது விளங்கும்.

என் பிரயாணம் ஆயுதபூஜையை முன்னிட்டது. பல மதத்தினரும் பல மொழியினரும் ஒன்றாக வேலைசெய்யும் ஸ்தாபனங்கள், அவரவர் பண்டிகைகளையும் பரம்பரைகளையும் எவ்வாறு மதிக்க வேண்டும் என்னும் விஷயம் இப்போது பெருநகரங்களில் மிகுந்த சிரத்தையோடு பேசப்படுகிறது. கனடாவின் நாடாளுமன்றம் 2016-இல் ஜனவரி மாதத்தைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்றுக்கொண்ட பிறகு, அந்நாட்டுப் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் நம்மவர்கள் பொங்கலை ஊரறியக் கொண்டாடுகிறார்கள். சென்னையிலும் பெங்களூரிலும் உள்ள கணினி நிறுவனங்களில் ஓணத்துக்குப் பூக்கோலமும் தீபாவளிக்கு விளக்கும் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரமும் வாசலை அலங்கரிக்கின்றன. இவை யாவும் நல்ல காரியங்களே. ஆனால் இத்தகைய பேச்சு எழுவதற்கு வெகுகாலம் முன்னதாகவே, ஒரு தெருவில் சேர்ந்து குடியிருந்திராத ஜனங்களை ஒரே கூரையின்கீழ் அருகருகே உட்காரவைத்து, அதன் காரணமாக அவர்களுடைய விசேஷ நாட்களுக்கு ஏதேனும் ஓர் ஏற்பாடு செய்தே தீரவேண்டிய நிலைக்கு வந்த தொழில்கள் நம் நாட்டில் உண்டு. கோவில்பட்டிச் சீமையின் தீப்பெட்டித் தொழிலும் பஞ்சாலைத் தொழிலும் அவற்றுள் முக்கியமானவை என்பது என் அபிப்பிராயம். அங்கே அந்த ஏற்பாடு எந்த ரூபத்தில் இருக்கிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆவல் வெகுநாளாக இருந்தது.

மழை குறைந்து வெயில் மிகுந்த ஊரில் பயிருக்கு நேரும் கஷ்டமே தீக்குச்சிக்கு அனுகூலமாயிற்று. சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பி ஆரம்பித்த காரியம், சிவகாசியோடு நில்லாமல் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று கரிசல் பூமி எங்கும் பரவிற்று. குச்சி உலர்வதற்கும் மருந்து காய்வதற்கும் ஈரமற்ற காற்று வேண்டும். வருஷத்தில் பாதி நாள் வயலில் வேலையற்றிருக்கும் கைகளும் வேண்டும். இரண்டும் இங்கே தாராளமாக இருந்தன. அந்தக் கைகளில் சிறுவர் சிறுமியரின் கைகளும் நெடுங்காலம் சேர்ந்திருந்தன என்பதை மறைத்து இந்தத் தொழிலின் சரித்திரத்தை எழுத முடியாது. கரிசலின் எழுத்தாளர் பூமணி ‘கருவேலம் பூக்கள்’ என்ற திரைப்படத்தில் காட்டிய துயரம் அதுதான்.

இந்தச் சீமையின் ஜனங்கள் ஒரே வார்ப்பினர் அல்லர். விஜயநகரத்தின் காலத்திலும் அதற்குப் பின்னும் வடக்கேயிருந்து வந்து காடு திருத்திக் குடியேறிய தெலுங்கு பேசுவோர் இன்றும் வீட்டில் தெலுங்கும் வெளியில் தமிழுமாக வாழ்கிறார்கள். அந்தக் குடியேற்றத்தின் கதையைத்தான் இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் 1976-இல் ‘கோபல்ல கிராமம்’ என்ற நாவலாக எழுதினார். அவர்களோடு நாடார், மறவர், பள்ளர், பறையர், கோனார் முதலிய பல வகுப்பினரும், எட்டயபுரம், கயத்தாறு பக்கத்து முஸ்லிம்களும், பழமையான கத்தோலிக்கக் கிராமங்களின் கிறிஸ்தவர்களும் கலந்து வாழ்கிறார்கள். கலந்து வாழ்கிறார்கள் என்று எழுதிவிட்டேனே தவிர, கிராமத்தில் தெரு வேறு, கிணறு வேறு, சுடுகாடு வேறு என்றிருந்த நிலை நாம் எல்லோரும் அறிந்ததே. பாடசாலையையும் பஸ்ஸையும் தவிர, அவர்கள் தோளோடு தோள் உட்கார நேர்ந்த இடம் வேலைத்தலம்தான்.

கோவில்பட்டிக்கு வெளியே, கழுகுமலைச் சாலையில் உள்ள ஒரு தீப்பெட்டி ஆபீசுக்குச் சென்றேன். இங்கே தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றே சொல்வார்கள்; கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிவரும் வேனுக்கு ஆபீஸ் வண்டி என்று பெயர். பூஜைக்கு முந்தின நாள் ஆகையால் மத்தியானத்தோடு வேலையை நிறுத்தி, கூடத்தைக் கழுவிவிடும் ஏற்பாட்டில் இருந்தார்கள். இந்நாளில் குச்சியை மருந்தில் முக்கும் வேலையைப் பல இடங்களில் இயந்திரம் செய்துவிடுகிறது. ஆனாலும் பள்ளம் பள்ளமாகச் செதுக்கிய மெல்லிய கட்டைகளில் குச்சிகளைப் பரப்பிப் படியவைத்து, கட்டையின்மேல் கட்டையாக அடுக்கிச் சட்டத்தில் இறுக்கும் பழைய முறையைக் கண்டிருக்கிற ஒரு மூத்த பெண்மணி, ஓரத்தில் கழித்துப் போட்டிருந்த ஒரு சட்டத்தை எடுத்துவந்து, ஒரு கைப்பிடிக் குச்சியை அதில் சரசரவென்று உருட்டிக் காட்டினார். குச்சிகள் தாமாகவே போய்த் தத்தம் பள்ளத்தில் உட்கார்ந்தாற்போல் இருந்தது. அந்தச் சட்டத்தையும் மறுநாள் பூஜையில் வைப்பதாகச் சொன்னார். அது உபயோகத்தில் இல்லாவிட்டாலும், அவருடைய ஆயுதம் அதுதான்.

பூஜையின் ஒழுங்கில் ஒரு விஷயம் என் கருத்தைக் கவர்ந்தது. தீயைப் பெட்டிக்குள் அடைத்து விற்கும் அந்த இடத்தில், பூஜைக்கான தீ உள்ளே வருவதில்லை. பெட்டி அடைக்கும் மேஜைகளுக்கும் கட்டு கட்டும் இயந்திரத்துக்கும் சந்தனம், குங்குமம், செவ்வந்திப்பூ மட்டுமே. விளக்கும் கற்பூரமும் ஊதுவத்தியும் முற்றத்துக்கு அப்பால், வேப்பமரத்தடியில் கல்லின்மேல் வைக்கப்படும். பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் கலக்கும் மருந்து அறைக்கு வாசலில் ஒரு சந்தனப்பொட்டோடு சரி. அந்தப் பொட்டையும் அங்கே வேலைசெய்பவரைத் தவிர வேறொருவர் வைப்பதில்லை. பக்திக்கும் ஜாக்கிரதைக்கும் இப்படி ஒரு சமரசத்தைத் தங்கள் அநுபவத்திலிருந்தே கண்டுகொண்ட ஜனங்களிடம் எனக்கு மிகுந்த மரியாதை உண்டாயிற்று. பொரியும் கடலையும் சுண்டலும் ஒரே அண்டாவிலிருந்து எல்லோருக்கும் வழங்கப்படும் என்றும், அங்கே வேலைசெய்யும் கிறிஸ்தவப் பெண்களும் முஸ்லிம் பெண்களும் பூஜையில் கலந்துகொள்வதும் கொள்ளாததும் அவரவர் இஷ்டம் என்றும், ஆனால் தத்தம் மேஜையைத் துடைத்துச் சுத்தம் செய்வதில் ஒருவரும் பின்தங்குவதில்லை என்றும் அந்த மூத்த பெண்மணி சொன்னார். “தொடைக்கிறதுக்கு என்ன சாமி வேண்டிக்கெடக்கு? நாம சோறு திங்கிற எடமில்லையா, அய்யா” என்பது அவர் வார்த்தை.

ஆனால் இந்தப் பெண்களைப் பொறுத்தவரை ஆயுதபூஜையோ தீபாவளியோ பெரிய விசேஷம் அன்று என்பதைச் சிறிது நேரப் பேச்சிலேயே தெரிந்துகொண்டேன். அவர்களுடைய பெரிய திருநாள் ஊர்ப் பொங்கல். தை முதல் நாளில் வரும் பொங்கல் வேறு; இது காளியம்மனுக்கோ மாரியம்மனுக்கோ பெரும்பாலும் பங்குனியிலும் சித்திரையிலும் ஊரார் கூடி நாள் குறித்து எடுக்கும் விழா. நாள் குறித்து ஊருக்கு அறிவிப்பதைச் சாட்டுதல் என்பார்கள். சாட்டிக் காப்புக் கட்டிவிட்டால் அந்த ஊர்க்காரர் இரவில் வெளியூரில் தங்குவதில்லை, முளைப்பாரி வளரும், வெளியூரில் வாழ்க்கைப்பட்ட பெண்களும் பிழைக்கப்போன ஆண்களும் வந்து சேர்வார்கள். ஓர் ஊருக்கு வந்த நாள் அடுத்த ஊருக்கு வராது. எந்த நாள்காட்டியிலும் அச்சிடப்படாத இந்த விழாக்கள்தான் இந்தப் பிரதேசத்து மனிதரின் உண்மையான வருஷத்தை வகுக்கின்றன.

“பொங்க சாட்டிட்டாகன்னா எங்க ஊர்ல இருந்து ஒரு ஆள் வராது, அய்யா. ஆபீஸ் வண்டி வந்து ஆரன் அடிச்சிட்டுச் சும்மாதான் திரும்பும்” என்றார் ஓர் இளம்பெண்.

“அப்படி வண்டி வெறுமனே வந்து திரும்பின காலமெல்லாம் போச்சு” என்று சிரித்தார் கணக்குப்பிள்ளை. அவர் மேஜையிலிருந்து ஒரு நீளநோட்டை எடுத்துக் காட்டினார். பக்கத்துக்கு ஓர் ஊராகப் பெயரெழுதி, கடந்த பல வருஷங்களில் அந்தந்த ஊரில் எப்போது சாட்டினார்கள், எத்தனை நாள் ஆள் வரவில்லை, மறுவாரம் எந்த ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டினார்கள் என்று அதில் குறித்திருந்தது. நடப்பு வருஷத்துப் பொங்கல் நாளுக்கு நேரே ‘வண்டி இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருந்தது. வேறொரு பக்கத்தில் ரம்ஜான் மாதத்தில் நோன்பிருப்பவர்களைச் சாயந்திரம் முன்னதாக விடும் நேரமும், இன்னொரு பக்கத்தில் ஆகஸ்டு மாதத்துக் காமநாயக்கன்பட்டித் திருவிழாவுக்குச் செல்லும் ஊர்களின் பெயர்களும் இருந்தன. யாரும் உத்தரவிட்டு ஏற்படாத அந்த நோட்டை நான் வெகுநேரம் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பலதரப்பட்ட மனிதர்களை மதிப்பது பற்றி எழுதப்பட்ட எந்த அறிக்கையிலும் இவ்வளவு விவரம் இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

சட்டம் இந்த விஷயத்தில் என்ன சொல்கிறது என்பதையும் கூறவேண்டும். 1958-ஆம் ஆண்டில் நம் ராஜ்யத்தில், தொழில் நிறுவனங்களுக்கான தேசிய, பண்டிகை விடுமுறைகள் பற்றிய சட்டம் இயற்றப்பட்டது. ஜனவரி 26, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய தேசிய தினங்களும், பிற்பாடு சேர்ந்த மே 1-ம் நீங்கலாக, ஐந்து நாட்கள் பண்டிகைகளுக்கென்று சம்பளத்தோடு விடுமுறை அளிக்கப்படவேண்டும் என்பது அதன் விதி. அந்த ஐந்து பண்டிகைகள் எவை என்று சட்டம் தானாகப் பெயரிட்டுச் சொல்லவில்லை. முதலாளியையும் தொழிலாளரையும் கலந்து அரசாங்க ஆய்வாளர் தீர்மானிக்க வேண்டும் என்று விட்டிருக்கிறது. பண்டிகை நாளில் வேலைசெய்தவருக்கு இரட்டைச் சம்பளமோ, அல்லது அன்றைய சம்பளத்தோடு சம்பளமுள்ள வேறொரு மாற்று விடுமுறையோ உண்டு. எந்த நாள் தனக்குப் புனிதமானது என்று சொல்லும் உரிமை வேலைசெய்பவனுக்கும் இருக்கிறது என்பதைச் சட்டப்புத்தகத்தில் ஏற்றிய இந்த ஏற்பாட்டை நான் மிக உயர்வாக மதிக்கிறேன். துரதிருஷ்டவசமாக நடைமுறையில் அந்தக் கலந்தாலோசனை பல இடங்களில் ஒரு காகிதத்தில் கையெழுத்து வாங்குவதோடு முடிந்துவிடுகிறது. சென்ற வருஷத்து ஜாபிதாவே இந்த வருஷமும் பலகையில் ஒட்டப்படுகிறது.

இப்படிப் பண்டிகைகளைத் தேர்ந்தெடுப்பது லேசான காரியமும் அன்று. சிங்கப்பூரில் பொது விடுமுறைகளைப் பதினாறிலிருந்து பதினொன்றாகக் குறைத்து 1968-இல் அமலுக்குக் கொண்டுவந்தபோது, ஒவ்வொரு மதத்தாரும் சில நாட்களை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. இந்துக்கள் தைப்பூசம், தீபாவளி இரண்டில் தீபாவளியை வைத்துக்கொண்டு தைப்பூசத்தை விட்டார்கள். அன்று விட்டதன் ஆதங்கம் இன்றும் அங்குள்ள தமிழர் மனத்தில் தீரவில்லை. தைப்பூசத்தை மீண்டும் விடுமுறையாக்க வேண்டும் என்ற கோரிக்கை அவ்வப்போது எழுந்துகொண்டே இருக்கிறது.

காமநாயக்கன்பட்டிக்கு இத்தகைய சங்கடம் இல்லை. கோவில்பட்டிக்கு அருகே உள்ள அந்தக் கிராமத்தின் பரலோக மாதா ஆலயம் வீரமாமுனிவரின் பணியோடு சம்பந்தப்பட்ட மிகப் பழைய ஸ்தலம். அதன் பெருவிழா ஆகஸ்டு 15. தேசத்தின் சுதந்திர தினமும் மாதாவின் விண்ணேற்பு நாளும் ஒன்றாக அமைந்துவிட்டமையால், எந்தத் தொழிற்சாலையிலும் யாரும் கேளாமலேயே அந்த விடுமுறை கிடைத்துவிடுகிறது. தேர் பார்க்கச் செல்லும் கூட்டத்தில் எல்லா மதத்தினரும் இருப்பார்கள். நான் சென்ற சமயம் விழா இல்லாத காலமாகையால் ஆலயத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டுத் திரும்பினேன்.

மரபுகளைக் கொண்டாடுவதில் ஒரு கூர்மையான பக்கமும் உண்டு. அதைச் சொல்லாமல் இந்தச் சீமையைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. 1997-இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதிய அரசுப் போக்குவரத்துக் கழகத்துக்கு, கட்டபொம்மனின் படையில் இருந்து உயிர்நீத்த சுந்தரலிங்கத்தின் பெயர் சூட்டப்பட்டது. அவர் ஒட்டப்பிடாரத்துக்கு அருகே கவர்னகிரியில் பிறந்தவர், தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அதற்கு முன் எத்தனையோ தலைவர்களின் பெயர்களைத் தாங்கி பஸ்கள் ஓடியிருக்க, இந்தப் பெயரைத் தாங்கிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று கிளம்பிய எதிர்ப்பு, தென் மாவட்டங்களில் பெருங்கலவரமாக மூண்டது. முடிவில் அரசாங்கம் அந்த ஒரு பெயரை மட்டுமல்லாமல், போக்குவரத்துக் கழகங்களுக்கும் மாவட்டங்களுக்கும் இருந்த தலைவர்களின் பெயர்கள் அனைத்தையுமே நீக்கிவிட்டது. ஒரு சமூகத்தாரின் வீரனுக்கு ஒரு பஸ்ஸின் நெற்றியில் இடம் கொடுக்க மனமில்லாமல் எல்லோருடைய பெயரும் அழிந்த அந்த வருஷத்தை நினைக்கும்போது, ஒரே அண்டாவிலிருந்து பொரி வழங்குவது சிறிய விஷயம் என்று யாராவது சொன்னால் என்னால் ஒப்புக்கொள்ள முடியாது.

மறுநாள் எட்டயபுரம் சென்றேன். தொழிற்சாலைகளைப் பார்க்க வந்தவன் ஏன் சமஸ்தானத்து ஊருக்குப் போகவேண்டும் என்று கேட்கலாம். அரண்மனையும் ஒரு வேலைத்தலம்தானே! தெலுங்கைத் தாய்மொழியாகக் கொண்ட அந்த ஜமீனின் சபையில் கடிகைமுத்துப் புலவரிடம் பாடம் கேட்டு, பின்பு தாமும் அதே சபையில் புலவராக அமர்ந்தவர், சீறாப்புராணம் இயற்றிய உமறுப் புலவர். நபிகள் நாயகத்தின் சரிதையைத் தமிழ்க் காவியமாகப் பாடிய அப்பெரியாரின் அடக்கஸ்தலம் இவ்வூரில்தான் இருக்கிறது. சங்கீத மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துஸ்வாமி தீக்ஷிதர் 1835-இல் தீபாவளியன்று முக்தியடைந்ததும் இங்கேதான். அவருடைய வம்சத்தில் வந்த சுப்பராம தீக்ஷிதர், ‘சங்கீத ஸம்ப்ரதாய ப்ரதர்சினி’ என்னும் பெருநூலை 1904-இல் சமஸ்தானத்து ஆதரவில் தெலுங்கு லிபியில் அச்சிட்டு வெளியிட்டார். பரம்பரைச் சொத்தான அந்தக் கீர்த்தனங்களை மறைத்துவைக்காமல் உலகத்துக்குக் கொடுக்கவேண்டும் என்று அவரை விடாது வற்புறுத்தியவர், சென்னையைச் சேர்ந்த சின்னஸ்வாமி முதலியார் என்ற கத்தோலிக்கக் கிறிஸ்தவர். தெலுங்கு ஜமீன்தார், தமிழ் நாட்டு அந்தணர், கிறிஸ்தவ ரசிகர் ஆகிய மூவரும் சேர்ந்திராவிட்டால் நம் சங்கீதத்தின் எத்தனையோ உருப்படிகள் இன்று சுத்தமான பாடத்தோடு நமக்குக் கிடைத்திரா. அவர்கள் ஒருவர் பரம்பரையை மற்றவர் புகழ்ந்து பேசியதோடு நின்றுவிடவில்லை; அதற்காக உழைத்தார்கள், பணத்தைச் செலவிட்டார்கள், கடிதத்தின்மேல் கடிதம் எழுதினார்கள்.

அதே ஊரில்தான் பாரதியாரின் தந்தை சின்னசாமி ஐயர், கரிசலில் விளையும் பருத்தியைக் கரிசலிலேயே அரைக்கவேண்டும் என்று ஆலை ஒன்றை ஆரம்பித்து, அது தோல்வியுற்று, மனமுடைந்து போனார். அவர் கனவு கண்ட பஞ்சாலைகள் பிற்காலத்தில் கோவில்பட்டியில் நிலைபெற்றன. லாயல் மில், லட்சுமி மில் என்ற பெயர்களை அறியாதவர் இவ்வட்டாரத்தில் இல்லை. மில் சங்குக்கு எழுந்து மில் சங்குக்கு உறங்கிய தலைமுறைகள் இங்கே உண்டு.

திரும்பும் வழியில் ஒரு நூற்பாலையில் பார்த்ததுதான் இந்தப் பிரயாணத்தில் எனக்கு முற்றிலும் புதியது. உள்ளூர் ஆட்கள் குறைந்துவிட்டதால் இப்போது பீகார், ஒடிசா, ஜார்க்கண்டு பக்கத்து இளைஞர்கள் கதிர் இயந்திரங்களுக்கு இடையே நடக்கிறார்கள். அன்று ஆயுதபூஜை. இயந்திரங்களின் பஞ்சுத்தூசியை ஊதித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, வாசலில் பூசணிக்காய் உடைக்கக் காத்திருந்தார்கள். ஆனால் அந்த வடநாட்டு இளைஞர்களோ தங்கள் ஆயுதபூஜையைச் சில வாரங்களுக்கு முன்பே முடித்துவிட்டிருந்தார்கள். அவர்கள் நாட்டில் தொழிற்கருவிகளுக்குப் பூஜை செய்வது விசுவகர்மாவின் நாளில். அது பெரும்பாலும் செப்டம்பர் 17-ஆம் தேதி வரும். முதல் வருஷம் தங்கள் விடுதி அறையிலேயே ஒரு படத்தை வைத்துக் கும்பிட்டார்களாம். அடுத்த வருஷம் பராமரிப்புப் பிரிவின் மேஸ்திரி, “சாமி கும்பிட மிசினு இங்க கெடக்கும்போது அறைக்குள்ள எதுக்குப்பா வச்சிக்கிறீங்க?” என்று கேட்டு, பட்டறையின் கடைசல் இயந்திரத்தருகே இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அதுமுதல் அந்த இயந்திரத்துக்கு வருஷத்தில் இரண்டு பூஜை. செப்டம்பர் 17 பெரியாரின் பிறந்தநாளும் ஆகும். 2021 முதல் நம் அரசு அலுவலகங்களில் அன்று சமூகநீதி நாள் உறுதிமொழி எடுக்கப்படுகிறது. ஒரே தேதியில் ஓரிடத்தில் படத்துக்கு மாலையும் மற்றோரிடத்தில் பகுத்தறிவாளர் பெயரால் உறுதிமொழியும் நிகழ்வதில் முரண்பாடு ஒன்றும் எனக்குத் தோன்றவில்லை. உழைப்பவனுக்கு மானம் உண்டு என்பதையே இரண்டும் தத்தம் பாஷையில் சொல்கின்றன.

அந்த இளைஞர்களில் தமிழ் ஓரளவு பேசக் கற்றிருந்த ஒருவனிடம், “தீபாவளிக்கு ஊருக்குப் போவாயா, தம்பி?” என்று கேட்டேன்.

“தீவாளி இங்கதான், சார். அப்புறம் ஆறு நாள் கழிச்சு சட் பூஜை. அதுக்குத் தண்ணி வேணும். தண்ணியில நின்னு சூரியனுக்குக் குடுக்கணும்” என்றான்.

அஸ்தமிக்கும் சூரியனுக்கும் மறுநாள் உதிக்கும் சூரியனுக்கும் நீரில் நின்று அர்க்கியம் கொடுக்கும் சட் விரதம் பீகாரிகளுக்கு எல்லாப் பண்டிகைகளினும் பெரிது. கரிசலில் ஐப்பசியில் கண்மாய் நிறைவது நிச்சயமில்லை. ஒரு வருஷம் மழை பொய்த்தபோது, இடுப்பளவுத் தண்ணீர் எங்கே இருக்கிறது என்று அவர்கள் விசாரிக்க, அருகிலுள்ள கிராமத்துச் சம்சாரி ஒருவர் தம் தோட்டத்துத் தொட்டியை நிரப்பிவிட்டாராம். அவ்வளவு தண்ணீர் பாய்ச்சினால் எத்தனை பாத்தி நனையும் என்று கணக்குப் பார்த்தே வாழப் பழகிய ஒரு கரிசல்காட்டுச் சம்சாரி செய்த காரியம் அது.

இரவுப் பணி ஆரம்பிக்கும் முன் மில்லின் சிற்றுண்டிச் சாலையில் தொழிலாளர் சிலரோடு உட்கார்ந்து, எனக்குத் தோன்றிய ஒரு யோசனையைச் சொன்னேன். சட்டம் அளிக்கும் ஐந்து பண்டிகை நாட்களில் நான்கை எல்லோருக்கும் பொதுவாக வைத்துக்கொண்டு, ஐந்தாவதை அவரவர் தேர்ந்துகொள்ளும்படி விட்டால் என்ன? ஒருவருக்கு ஊர்ப் பொங்கல், ஒருவருக்கு மிலாடி நபி, ஒருவருக்குப் பெரிய வெள்ளி, ஒருவருக்குச் சட் பூஜை என்று ஆகும். எல்லோரும் ஒரே நாளில் எடுக்கப்போவதில்லை ஆகையால் இயந்திரமும் நிற்காது. முதலாளிகள் மறுக்க நியாயமில்லை என்று ஒருவர் ஆமோதித்தார். தீப்பெட்டி ஆபீசிலிருந்து மில்லுக்கு மாறிவந்த ஒரு பெண்மணி மட்டும் சிறிது யோசித்துவிட்டு, “லீவு யாரு கேட்டா, அண்ணாச்சி? பொங்கலுக்கு லீவு நாங்களே எடுத்துக்கிடுதோம். அன்னைக்குச் சம்பளம் உண்டா, அதச் சொல்லுங்க” என்றார்.

அவர் கேட்டதுதான் விஷயத்தின் உயிர்நிலை. தீப்பெட்டி அடைக்கும் பெண்ணுக்குக் கூலி உருப்படிக் கணக்கு. வீட்டில் உட்கார்ந்து பெட்டி ஒட்டுபவளுக்கோ விடுமுறை என்ற பேச்சே இல்லை. ஊர்ப் பொங்கலுக்கு வேலைக்கு வராதவள் தன் கூலியை இழந்துதான் அம்மனுக்குப் பொங்கலிடுகிறாள். மறுவாரம் ஞாயிற்றுக்கிழமை வந்து ஈடுகட்டுகிறாள். அவளுடைய மரபை மதிப்பதாகச் சொல்லும் ஸ்தாபனம் அந்த ஒரு நாள் கூலியைத் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ள வேண்டும். வருஷ ஆரம்பத்தில் ஆய்வாளருக்கு அனுப்பும் விடுமுறை ஜாபிதாவைத் தயாரிக்கும்போது, கணக்குப்பிள்ளையின் அந்த நீளநோட்டையும் பக்கத்தில் விரித்துவைத்துக்கொண்டு, ‘வண்டி இல்லை’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கும் ஒவ்வொரு ஊருக்கும் நேரே ‘சம்பளம் உண்டு’ என்று எழுதச் சொல்லி, அந்தந்த ஊர்த் தொழிலாளரின் பிரதிநிதியிடம் கையெழுத்து வாங்கவேண்டும். அதைச் செய்வதற்குப் புதிய சட்டம் எதுவும் தேவையில்லை. 1958-இன் சட்டத்திலேயே அதற்கு இடம் இருக்கிறது.